உப்புப் படகில் பெண் வீடு

அந்தச் சித்திரையில் பட்டணமே தெற்கு நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் விசாகப்பட்டணத்தில் குண்டு போட்டுவிட்டான், அடுத்தது சென்னைதான் என்று பேச்சு. ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் பஸ்ஸில், பஸ்ஸில் கிடைக்காதவர்கள் மாட்டுவண்டியில், வண்டியும் கிடைக்காதவர்கள் பக்கிங்காம் கால்வாயில் படகு பிடித்து மரக்காணம் வரை வந்து இறங்கினார்கள். திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் ஒரே காலையில் இளநீர் விலை என் கண்ணெதிரே ஏறி, இன்னும் ஏறி, மரத்து உயரத்துக்கே போய்விட்டது. நான் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரி. விலை ஏறும்போது பக்கத்தில் நின்று ரசிப்பது எங்கள் பரம்பரைப் பழக்கம்.

அப்படி ஊரே இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது அந்தப் பக்கம் போன குடும்பம் எங்களுடையது. அதுவும் படகில். அதுவும் கல்யாணத்துக்கு.

என் சின்னம்மா ஹலீமா பீவி, கோட்டக்குப்பத்தில் புருஷனை இழந்து ஒற்றை மகளோடு இருந்தவள். மகள் அசன் பீவிக்கும் சனாவுல்லாவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. பையனுக்குச் சென்னைத் துறைமுகத்தில் வேலை. நிக்காஹுக்கு முதல் தடவை நாள் வைத்தபோது அவன் வீட்டில் ஒரு மவுத்து, துக்க வீடாகிவிட்டது. இரண்டாம் தடவை ரங்கூன் விழுந்து அவனுடைய லீவும் கூடவே விழுந்தது. மூன்றாம் தடவை நாள் வைத்த பிறகு அவனைக் குண்டுவீச்சுப் பாதுகாப்புப் படையில் சேர்த்துவிட்டார்கள். பட்டணமே காலியானாலும் அவன் நகரக்கூடாதாம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு அப்புறம் பொழுது சாயும் வரைக்கும் ஓய்வு தருவார்களாம்.

"அப்படீன்னா பெண்ணை இங்கே கூட்டி வந்துவிடுங்கள்" என்று அவனுடைய பெரியத்தா, அதாவது பெரியப்பா, சொல்லி அனுப்பினார்.

எங்கள் ஜமாத்துப் பெரியவர்கள் கொதித்துப் போனார்கள். எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு வாசலுக்கு வந்து நிக்காஹ் முடிப்பான். மாப்பிள்ளை வாசலைத் தேடிப்போன பெண் என்று ஒரு பேர் வந்தால் அது அவளோடு போகாது, அவள் பேரப்பிள்ளைகளின் காது வரைக்கும் போகும். சரி, நாளைத் தள்ளலாமென்றால், மூன்று தடவை தள்ளிப்போன பெண்ணை நாலாவது தடவை எவன் கேட்பான்? பெரியத்தா வேறிடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருப்பதாகவும் காற்றுவாக்கில் சேதி வந்தது.

சின்னம்மா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஜமாத்தைக் கேட்டாள்: "மாப்பிள்ள பொண்ணு வூட்டுக்கு வரணும். அதானே வழக்கம்?"

"அதான்."

"பொண்ணு வூடு எந்த எடத்துல இருக்கணும்னு வழக்கம் எதுனா இருக்குதா?"

பெரியவர்கள் ஒருவர் தாடியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்லீல்ல? அப்ப என் வூட்ட ஒரு படகுல வெச்சுக்கினு பட்டணத்துக் கரையில கொண்டுபோய் நிறுத்தறேன். மாப்பிள்ள வாசலேறி வரட்டும்."

இது நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் பெரியவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: இந்த வாசற்படி தாண்டியது முதல் நிக்காஹ் முடியும்வரை பெண்ணின் கால் மண்ணில் படக்கூடாது, பட்டால் அவள் வீட்டை விட்டு இறங்கிப் போனவள். அதற்குச் சாட்சியாகக் கூடப் போய், பட்டணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சத்தியம் பண்ண வேண்டியவன் நான்.

"சம்மதம்" என்றாள் சின்னம்மா. பெரியவர்கள் கையிலிருந்த டீ அப்போது ஆறக்கூட இல்லை. தட்டிவிட எண்ணிப் போட்ட நிபந்தனையைக் கைமுதலாக வாங்கிக்கொண்டு வியாபாரம் தொடங்கிய ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் கடையில் உட்காரவேண்டியவள். பெண்ணாய்ப் பிறந்ததில் நஷ்டம் கடைக்கு.

மரக்காணத்தில் சவுரிராயன் என்பவனுடைய உப்புப் படகை அமர்த்தினோம். தட்டையான அடி, நடுவில் ஓலைக் கூண்டு, ஒற்றைப் பாய்மரம். வீட்டு வாசற்படியிலேயே பெண்ணை ஏற்றிய வண்டியைக் கரையில் ஒட்ட நிறுத்தி, வண்டிக்கும் படகுக்கும் பலகை போட்டு, பெண்ணை நேரே உள்ளே கொண்டுபோனோம். பின்னாலேயே சாமான்கள் வந்தன. வீட்டு வாசல் திரைச்சீலை, துடைப்பம், குத்துவிளக்கு, தண்ணீர்ப் பானை, ஒரு பூனை. கடைசியாக இரண்டு ஆள் தூக்கி வந்த அம்மிக்கல்.

சவுரிராயன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பீவிம்மா, அம்மி இன்னாத்துக்கு? படகு ஒரு விரக்கடை அமுங்கிடும்."

"அம்மி எங்க கெடக்குதோ அதான் வூடு. அத்த எறக்குனா இது வெறும் படகு."

"மாதாவே! நான் உப்பு ஏத்தியிருக்கேன், சவுக்குக் கட்ட ஏத்தியிருக்கேன். வூட்ட ஏத்தனதில்ல."

"இப்ப ஏத்திட்டே. ஜல்தி தள்ளு."

எனக்குப் படகுப் பிரயாணம் புதிது. என் கணக்கில் தண்ணீர் என்பது சரக்கு மூட்டையை நனைக்கும் சனியன். ஆனால் தெற்குக் காற்றில் பாய் புடைத்துப் படகு நகரத் தொடங்கியதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. இது என் வாயைப் பொறுத்தவரை பெரிய சம்பவம். வண்டி என்றால் முதுகெலும்பு கணக்குச் சொல்லும், ரயில் என்றால் காது சொல்லும். இதில் ஒன்றுமே சொல்லவில்லை. கரைதான் நகர்ந்தது. வலது பக்கம் உப்பளங்களில் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் குத்தியது. அதைத் தாண்டித் தாழம்புதர், மணல்மேடு. மேட்டுக்குப் பின்னால் கடல் இருப்பது தெரியாது. ஆனால் பெரிய வீட்டின் பின்கட்டில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பது போல ஓயாமல் கேட்கும். இடது பக்கம் கழுவெளி ஏரித் தண்ணீர் கணுக்கால் ஆழத்தில் விரிந்து கிடந்தது. அதில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றன, கீழே விழுந்த காசைத் தேடும் சேட்டுகளைப் போல.

என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அசன் பீவி திரைக்குள்ளிருந்து கேட்டாள்: "நானா, அந்தப் பறவ ஒத்தக் கால்ல நிக்குதே, இன்னொரு கால எங்க வெச்சிருக்குது?"

"அடகு வெச்சிருக்குது."

"வட்டிக்கு வாங்கனது நீங்களா?"

அவள் அப்படி. பத்தொன்பது வயதில் வாய் அவள் அம்மாவுக்கு நேர் வாரிசு.

எதிரே படகுக்குப் படகு பட்டணம் வந்துகொண்டிருந்தது. ஒன்றில் தையல் மிஷின், ஆடு, கண்ணாடிக் கூண்டில் ஒரு கடிகாரம். இன்னொன்றில் வீணையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள். கால்வாயில் ஒரு வழக்கம் உண்டு: சரக்கில்லாத படகு கரையிலிருந்து ஆள் இழுக்கும் தன் கயிற்றைத் தண்ணீரில் தளர்த்திவிட வேண்டும், சரக்கேற்றிய படகு அதன் மேலே தாண்டிப் போகும். ஒவ்வொரு படகுக்காரனும் எங்களைப் பார்த்து, "சவுரி, சரக்கு இன்னா?" என்று கத்துவான். "வூடு!" என்பான் சவுரிராயன். அவர்கள் குழம்பிப்போய்த் தங்கள் கயிற்றைத் தளர்த்திவிடுவார்கள். கட்டின் மேல் கட்டாக அடுக்கிய விறகுப் படகுகூட எங்களுக்கு வழிவிட்டது. சவுரிராயனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கேட்காதவர்களிடம்கூடச் சொல்லத் தொடங்கினான்.

அம்மாவும் மகளும் படகை விட்டு இறங்காமல் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்பீர்கள். கூண்டின் பின்பக்கம் ஏதோ ஏற்பாடு இருந்தது. நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பது மரியாதையுமில்லை.

புதன்கிழமை பின்னேரம், கடப்பாக்கம் தாண்டி, ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர் பின்னால் சிறுத்துப்போன இடத்தில் படகு 'சர்'ரென்று முனகி நின்றது. முகத்துவாரம் மண்ணடைத்துப் போய்க் கடல் தண்ணீர் உள்ளே வருவது குறைந்திருந்தது. எதிரே ஒரு மணல்திட்டு, மேலே கணுக்கால் தண்ணீர். எருமை படுத்தால் முதுகு காயும். திட்டுக்கு அந்தப் பக்கம் தெற்கே வந்த ஒரு பெரிய படகும் அதேபோல் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. இரண்டு படகுகளுக்கும் நடுவே கூப்பிட வேண்டிய தூரம்கூட இல்லை, இருமினால் கேட்கிற தூரம்.

"தண்ணி எப்பப்பா ஏறும்?" என்றேன்.

"அமாவாச போயி அட்டமி வந்துகினு இருக்குது பாய். இப்ப ஏத்தமும் கெடயாது, எறக்கமும் கெடயாது. பவுர்ணமி பக்கம் பாக்கலாம்."

பவுர்ணமி வரும்போது பெரியத்தா பார்த்து வைத்த இன்னொரு பெண்ணோடு சனாவுல்லாவுக்குக் கல்யாணம் முடிந்து விருந்தும் செரித்திருக்கும்.

நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திட்டில் நடந்து அந்தப் படகுக்குப் போனேன். அதில் வந்தவர் விருத்தாசலம், ஹைகோர்ட்டில் குமாஸ்தா. மனைவி காந்திமதி, நாலு பிள்ளைகள், படகு கொள்ளாமல் மேசை, நாற்காலி, பெஞ்சு, கட்டில்கள். சொந்த ஊரான கண்டமங்கலத்துக்குப் போகிறார்கள். நான் வியாபாரி அல்லவா, பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அவர்களுக்குத் தெற்கே போகவேண்டும், எங்களுக்கு வடக்கே. நாங்கள் அவர்கள் படகில் ஏறிக்கொள்வது, அவர்கள் எங்கள் படகில் ஏறிக்கொள்வது, இரண்டு படகும் வந்த வழியே திரும்பிவிடுவது. விருத்தாசலம் மூன்று ஆட்சேபம் சொன்னார். மூன்றையும் தட்டிவிட்டேன். அந்தப் படகுக்காரன் மாசிலாமணி ஒன்று சொன்னான். அதையும் தட்டிவிட்டேன். கைமேல் கையடித்து வாக்குக் கொடுத்துவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். வெற்றிலைகூட மாற்றாமல் இவ்வளவு சுத்தமான பேரம் என் ஆயுசில் முடிந்ததில்லை.

சின்னம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "நல்லா முடிச்சிருக்கே. பொண்ணு இந்தப் படகுலருந்து அந்தப் படகுக்கு எதுமேல நடந்து போவா?"

என் மார்பு தன் பழைய அளவுக்குத் திரும்பியது. எதைக் காப்பாற்ற வந்தேனோ அதையே பேரத்தில் விற்றுவிட்டு வந்திருந்தேன்.

"தூக்கிக்கினு போயிடலாமே, சின்னம்மா."

"யாரு தூக்கறது? நிக்காஹுக்குப் போற பொண்ண அன்னிய ஆம்பள தொட்டுத் தூக்குவானா? நீ தூக்கினாலும் வழியில சேத்துல வுழுந்து தொலைப்பே."

"அப்ப நடக்கட்டும். நாலே எட்டு. யாரு பாத்தா? சத்தியம் பண்றவன் நான்தானே? நான் பாத்துக்கறேன்."

"நீ பண்ணுவே. எத்தினி மூட்ட மல்லாட்டைக்குப் பண்ணியிருக்கே." சின்னம்மா சிரிக்காமல் சொன்னாள். "அவளுக்குத் தெரியுமேடா. ஆயுசுக்கும் தெரியுமே."

திரை அசைந்தது. அசன் பீவியின் குரல் வந்தது.

"நானா, அந்தப் படகுல எத்தினி கட்டில் இருக்குது?"

எனக்குப் புரியவில்லை. சின்னம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மகள் இருந்த திரைப் பக்கம் அவள் திரும்பிப் பார்த்த பார்வை, கடை முதலாளி தன் வாரிசு போட்ட முதல் கணக்கைப் பார்ப்பது போல இருந்தது.

திரும்பவும் நான் போனேன். கட்டில்களையும் பெஞ்சுகளையும் திட்டின்மேல் வரிசையாகப் போட்டுப் பாலம் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். காந்திமதி அம்மாள் சீறினாள். "எங்கம்மா போட்ட சீரு, பர்மா தேக்கு! உப்புத் தண்ணியில கால வெச்சா இன்னாத்துக்கு ஆவும்?" வாடகை தருகிறேன் என்றேன். "நாங்க இன்னா கட்டில் வாடகைக்கு வுட்டுக்கினு வர்றமா?" என்றாள். வாடகையை ஏற்றினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விருத்தாசலம், "மிஸ்டர், போதும்" என்று ஹைகோர்ட்டுக் குரலில் தீர்ப்புச் சொன்னார்.

அப்போது சின்னம்மாவே தண்ணீரில் இறங்கினாள். அவள் காலுக்கு நிபந்தனை கிடையாது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திட்டைக் கடந்து வந்து, படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலைப் பற்றிப் பேசவே இல்லை.

"எந்த ஊருக்கும்மா?"

"கண்டமங்கலம்."

"யாரு வூட்டுக்கு?"

காந்திமதி முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். விருத்தாசலம்தான் சொன்னார்: "எங்க அண்ணன் வீடு. பெரிய வீடு."

"பெரிய வூடு" என்று திருப்பிச் சொன்னாள் சின்னம்மா, காந்திமதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "ஓரகத்தி நல்ல மாதிரிதானா?"

"ரொம்ப நல்ல மாதிரி" என்றாள் காந்திமதி. "போன தீவாளிக்கு எம்புள்ளைங்களுக்குப் பலகாரத்த எண்ணி வெச்சாங்க."

சின்னம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் படகு விளிம்பில் வைத்தாள்.

"கோட்டக்குப்பத்துல என் வூடு. இப்ப ஆளில்லாம கெடக்குது. சண்ட முடியற வரைக்கும் இருங்க."

"ஐயோ, நீங்க... நாங்க மீனு, கறி தொடமாட்டமே."

"தொடாதீங்க. பின்கட்டுல தனி அடுப்பு இருக்குது, நாலு வருசமா பத்த வெச்சதில்ல. தொடற பூன ஒண்ணு இருந்தது, அதுவும் எங்ககூடப் படகுல வந்துட்டுது."

விருத்தாசலம் வாயைத் திறந்தார். காந்திமதி சாவியை எடுத்துக்கொண்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார். நான் ஒரு மணி நேரம் பணத்தால் தட்டிய கதவு அது. தாழ்ப்பாள் வேறு பக்கம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தில் அதைக் கண்டுபிடித்த என் சின்னம்மாவுக்கு அங்கேயே ஒரு சலாம் போட்டிருப்பேன். தண்ணீரில் நின்றுகொண்டு போட்டால் கேலியாக இருக்கும் என்று விட்டேன்.

அப்புறம் வேலையை எடுத்துக்கொண்டவள் காந்திமதிதான். "அந்தப் பெஞ்ச இங்க கொண்டா! கட்டிலத் தலமாட்டோட சேத்துப் போடு! ஏங்க, நின்னுகினு பாக்கறீங்களே, மேசையப் புடிங்க!" பெஞ்சு, கட்டில், மேசை, மறுபடி கட்டில், ஒரு தொட்டில் பலகை என்று படகுக்குப் படகு ஒரு வீட்டுச் சாமான் முழுதும் கால்வாயில் வரிசையாக நின்றது. அவள் நின்று பார்த்தாள். திருப்தியில்லை. பெட்டியைத் திறந்து தன் கல்யாண ஜமக்காளத்தை எடுத்து அதன் மேல் விரித்தாள். "பொண்ணு வெறும் பலகையிலயா நடப்பா?"

முதலில் அம்மி போனது. சவுரிராயனும் மாசிலாமணியும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தார்கள். அம்மி போய்ச் சேர்ந்து, திரைச்சீலையும் அந்தக் கூண்டில் தொங்கிய பிறகுதான் சின்னம்மா சொன்னாள்: "வூடு அங்க போயிட்டுது. வாம்மா."

அசன் பீவி வெளியே வந்தாள். பச்சைப் பட்டு முக்காடு, வெறுங்கால், கையில் பூனை. பெஞ்சைத் தாண்டினாள். முதல் கட்டிலைத் தாண்டினாள். மேசையில் ஏறி இறங்கினாள். இரண்டாவது கட்டிலில் கால் வைத்ததும் அது ஒரு பக்கமாக மெதுவாகச் சேற்றில் இறங்கத் தொடங்கியது. தண்ணீர் ஜமக்காளத்தின் ஓரத்தைத் தொட்டுச் சிவப்பைக் கருப்பாக்கிக்கொண்டு ஏறியது. அவள் நடுவில் நின்றுவிட்டாள். பின்னால் போக முடியாது; முன்னால் தொட்டில் பலகைக்கு எட்டாது.

'தடால்' என்று ஒரு சத்தம். படகில் நின்ற விருத்தாசலம் ஜரிகை வேட்டியோடு தண்ணீரில் குதித்திருந்தார். சேற்றில் முட்டி போட்டு, சாய்ந்த கட்டிலின் சட்டத்துக்குக் கீழே தோளைக் கொடுத்தார். அந்தப் பக்கம் சவுரிராயன் கொடுத்தான். கட்டில் சமமாயிற்று. குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடி வழிந்து தண்ணீரில் விழுந்தது. அதை அவர் தேடவில்லை.

"போம்மா" என்றார். "மெதுவா. அவசரமில்ல."

அவள் நடந்தாள். படகில் கால் வைத்ததும் காந்திமதி குலவையிட்டாள். அதைக் கேட்டுத் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த நாரைகளெல்லாம் ஒரே வீச்சில் எழுந்து கடல் பக்கம் போயின.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரத்துக்கு மாசிலாமணி எங்களைப் பட்டணத்துக் கரையில் கொண்டுபோய்க் கட்டினான். பெரியத்தா குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் நிக்காஹ் ஓதிவைக்கும் ஆலிம், நாலைந்து சொந்தக்காரர்கள். பலகை போட்டு நான் இறங்கினேன்.

"மரக்காணத்தில் ஏறியது உப்புப் படகு என்று சேதி. இது வேறு படகு போல இருக்கிறதே?" என்றார். எங்களுக்கு முன்னாலேயே கால்வாயில் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கே விநோதமாக இருந்தது.

பெரியத்தா குடையை மடக்கினார். "கட்டில் மண்ணில் நின்றது. பெண் கட்டிலில் நின்றாள். அப்போ மண்ணில் நின்ற மாதிரிதானே?"

"மாமா, நீங்க ராத்திரி கட்டில்ல படுக்கறீங்க. காலையில எழுந்து தரையில படுத்தேன்னு சொல்லுவீங்களா?" என்றேன்.

சொந்தக்காரர்களில் ஒருவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். பெரியத்தா அசையவில்லை. அவருக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை, மறுக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. திரைக்குள் இருந்தவர்களுக்கும் அது கேட்டிருக்கும்.

அப்போது சனாவுல்லா வந்தான். புகைக்கரி படிந்த காக்கி உடுப்பு, கழுத்தில் விசில். தொழுகையிலிருந்து நேரே ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. பெரியத்தா சொன்னதையும் நான் சொன்னதையும் பாதி கேட்டிருப்பான் போல. இரண்டு பேரையும் பார்க்கவில்லை. படகைப் பார்த்தான். கூண்டில் தொங்கிய வாசல் திரையை, ஓரத்தில் சாத்தியிருந்த துடைப்பத்தை, அம்மியின் மேல் படுத்திருந்த பூனையைப் பார்த்தான். பிறகு கரையிலேயே குந்தி, பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பலகையின் ஓரம் ஜோடியாக வைத்தான். வெறுங்காலோடு பலகையேறிப் போய்த் திரைக்கு வெளியே நின்று, பெண் வீட்டு வாசலில் எந்த மாப்பிள்ளையும் தொண்டையைச் செருமிக்கொள்வது போலச் செருமினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வூட்டுல யாரு?"

"வாங்க மாப்பிள்ள" என்றாள் சின்னம்மா. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆலிம் பின்னாலேயே ஏறினார். சொந்தக்காரர்கள் ஏறினார்கள். பெரியத்தா கரையில் தனியாக நின்று பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குடையை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து தன் செருப்பைக் கழற்றினார்.